அண்ணனுக்குப் பதிலாக நடந்தேன்

என் அண்ணனை ஊரார் ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்து, பந்தல் பிரித்து, வாடகை நாற்காலிகளை வண்டியேற்றி அனுப்பிய பிறகு, நான் வேளாங்கண்ணியில் முழங்காலில் நின்று அவர் பிழைக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டேன். என்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் அவர் இறந்தது தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. இதை யாரிடம் சொன்னாலும் "அதெப்படி?" என்று கேட்கிறார்கள். எப்படி என்று ஒரு முறை எழுதிவிட்டால் இனி வாயால் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு தனியார் லேபில் ரத்தம் எடுக்கிறவள். ஊசி குத்துவேன், குழாயில் பெயர் ஒட்டுவேன், மெஷினில் வைத்து ரிசல்ட் எடுத்துக் கொடுப்பேன். வயது ஐம்பதைத் தொட்டாயிற்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். பிறந்தது வ. புதுப்பட்டியில், வேதக்கார வீட்டில். ஞானஸ்நானம், புதுநன்மை எல்லாம் முறைப்படி ஆனது. அதன் பிறகு எப்போதோ நம்பிக்கை போய்விட்டது. அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. எந்தச் சாமியாரோடும் எனக்குச் சண்டை இல்லை. லேபில் ரிசல்ட் கவரைப் பிரிக்கும் முன்னால் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்கிறவர்களையும், அதே கவரில் விபூதி தடவுகிறவர்களையும் தினமும் பார்க்கிறேன். உள்ளே இருக்கிற எண் யாருக்காகவும் மாறியதில்லை. பார்த்துப் பார்த்து எனக்குச் செபம் சொல்ல வாய் வராமல் போயிற்று. கல்யாணத்துக்கும் சாவுக்கும் கோயிலுக்குப் போவேன். பிரசங்கம் தொடங்கினால் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நிற்பேன்.

அண்ணன் எனக்கு நேர் எதிர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு கட்டி, ஒரு மில்லில் செக்யூரிட்டி வேலை பார்த்தவர். வீட்டில் அவரும் அவர் மனைவியான மதினியும்தான்; மகனும் பட்டாளத்துக்குப் போய்விட்டான். காலையும் மாலையும் செபமாலை சொல்லாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். அப்பா அம்மா போன பிறகு எனக்கு நெருங்கிய ரத்த சொந்தம் அவர் ஒருவர்தான். கல்யாணம் வேண்டாம் என்று நான் சொன்னபோது சொந்தக்காரர்கள் எல்லாம் என்னை நச்சரித்தார்கள். "அவளுக்கு வேண்டாம்னா வேண்டாம். ஒங்களுக்கு எங்க நோவுது?" என்று ஒரே போடாகப் போட்டு அவர்கள் வாயை அடைத்தவர். நான் கோயிலுக்கு வராததைப் பற்றி ஒரு நாளும் என்னைக் கடிந்துகொண்டதில்லை. "ஒனக்கும் சேத்து நானே சொல்லிக்கிறேன், விடு" என்பார்.

ஒவ்வொரு ஆகஸ்டு மாதமும் அவர் வேளாங்கண்ணிக்கு நடந்து போவார். எங்கள் பக்கத்திலிருந்து நிறையக் குழுக்கள் அப்படிப் போகும். காவி வேட்டி, காவிச் சேலை, கழுத்தில் சாமியார் மந்திரித்துப் போட்ட செபமாலை, காலில் செருப்பு கிடையாது. முன்னால் மாதா சுரூபம் வைத்த சின்னச் சப்பரத்தைச் சக்கரம் வைத்து இழுத்துப் போவார்கள். பின்னால் ஒரு மினி வேனில் அரிசி, பாய், மைக் செட். அண்ணன் போகும் குழுவுக்கு ஒரு ஓய்வு பெற்ற ஏட்டுதான் தலைவர். எல்லோரும் அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் இருந்த மிடுக்கு அவரை விட்டுப் போகவே இல்லை. சப்பரத்தை ஓரங்கட்டச் சொல்வதையும் திருடனைப் பிடிக்கிற குரலில்தான் சொல்வார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. முதல் ரத்தத்தை எடுத்ததும் நான்தான், மெஷினிலிருந்து அந்த எண்ணைப் படித்ததும் நான்தான். வாரத்துக்கு இரண்டு நாள் ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நான் லேபில் சொல்லிவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் ரத்தம் குழாய் வழியாகப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே ஏதாவது பேசிக்கொண்டிருப்போம். மூச்சு வாங்கி நடுவில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்து, இரண்டு முறையும் சரியாகி வீட்டுக்கு வந்தார். இப்படியே சில வருஷம் ஓட்டிவிடலாம் என்று டாக்டரும் சொன்னார், நானும் நம்பினேன்.

போன வருஷம் ஜூலை கடைசியில் ஒரு நாள் டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போது அண்ணன் கேட்டார்.

"ஏட்டி, எனக்குப் பதிலா நீ நடக்கியா?"

நான் சிரித்துவிட்டேன். "நானா? நடந்து போயி அங்க யார்கிட்ட என்ன கேக்க? மதினிய அனுப்புங்க."

"ஏட்டையா சொல்லுதாரு, கூடப் பொறந்த ரத்தம் நடந்தாத்தான் எனக்குச் சேருமாம். மதினி வேற வீட்டு ரத்தம். மகன் அசாம் பார்டர்ல கெடக்கான், அவனுக்கு லீவு கெடைக்காது."

"எனக்கு நம்பிக்கை கெடையாதே அண்ணே."

"நம்பிக்கைய நான் பாத்துக்கிறேன். நீ காலக் குடு, போதும்."

அவர் என்னிடம் அதுவரை எதுவும் கேட்டதில்லை. சரி என்றேன். அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து நான் பார்த்ததில்லை.

மாலை போடும் நாளில் ஏட்டையா எனக்குச் சட்டதிட்டங்களைப் படித்துக் காட்டினார். கறி மீன் கூடாது, செருப்பு கூடாது, கோபம் கூடாது. கோபப்படாமல் இருப்பது மட்டும் என்னால் ஆகாது என்றேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு முக்கியமான ஒன்றைச் சொன்னார். மாலை போட்டவர்கள் துஷ்டி கேட்டுச் சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. சொந்தத்தில் சாவு விழுந்த செய்தி காதில் விழுந்தால் அந்த இடத்திலேயே மாலையைக் கழற்றிவிட வேண்டும், அத்தோடு நேர்ச்சை முறிந்தது. முறிந்த நேர்ச்சை சும்மா போகாது, அதே வீட்டில் இன்னொருத்தர் மேல் இறங்கும். வேறு கோயில்களுக்கு மாலை போடுகிற அக்கம்பக்கத்தாரிடமிருந்து எங்கள் ஆட்கள் இதை எப்போதோ எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். வேதாகமத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்கார அம்மா தெலுங்கு பேசுகிறவர். காவிச் சேலையில் நான் படியிறங்கி வருவதைப் பார்த்து, "அய்யோ தேவுடா, நீயா?" என்று வாயில் கை வைத்தார். அவருக்கே அப்படியென்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் பூசை முடிந்து விடிந்த கையோடு கிளம்பினோம். அண்ணன் மதினியின் தோளைப் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்தார். கால் வீங்கியிருந்தது. என் நெற்றியில் கட்டை விரலால் சிலுவை வரைந்து, "மொதல் ரெண்டு நாள்தான் வலிக்கும், பொறவு மரத்துப் போவும்" என்றார். மரத்துப் போகவில்லை. கிருஷ்ணன்கோவில் போய்ச் சேர்வதற்குள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம் கட்டிவிட்டது. தார் ரோடு காலை பத்து மணிக்கே அடுப்பில் போட்ட தோசைக்கல்தான். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து எங்களைச் சாக்கடையோரம் தள்ளினார்கள். ஐம்பது அறுபது பேர் "மரியே வாழ்க" என்று கத்திக்கொண்டு போக, நான் மட்டும் வாய் திறக்காமல் நடந்தேன். குழுவில் இருந்த பெண்கள் என்னை ரத்தக்காரம்மா என்று கூப்பிட்டார்கள். மதிய நிழலில் உட்காரும்போது சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சந்தேகம் கேட்டார்கள். கொப்புளத்தைச் சுத்தமாக எப்படி உடைப்பது என்று நான் அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தேன். நல்ல மனுஷிகள்தான். அதை இப்போதும் மறுக்கவில்லை.

எல்லோருடைய போன்களும் வேனில் ஒரு பையில் இருக்கும். சாயங்காலம் தங்குமிடம் வந்த பிறகு ஏட்டையா கொடுப்பார். முதல் நாள் அண்ணனோடு பேசினேன். "கால் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். இருக்கு என்றேன். இரண்டாம் நாள் மதினிதான் எடுத்தாள். மூச்சு வாங்குவதால் மத்தியானம் ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னாள்.

"பொட்டாசியம் எம்புட்டு இருக்காம்?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? போன தடவ மாதிரித்தானாம். பயப்பட ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"நான் வந்துரட்டா, மதினி?"

"நீ பாதியில வந்தேன்னா அவிய மனசு ஒடைஞ்சிரும். நீ நட."

"அண்ணன்ட்ட குடுங்க."

"மாஸ்க் போட்டிருக்கு. பேசக் கூடாதுன்னு நர்ஸ் சத்தம் போடுது."

போன இரண்டு முறையும் இப்படித்தான் மாஸ்க் போட்டிருந்தார்கள். நான் நடந்தேன். திருமங்கலம் போய், மதுரை போய், மேலூர் தாண்டினோம். தினமும் சாயங்காலம் மதினியிடம் கேட்டேன். அப்படியேதான் இருக்கு, பரவாயில்லை என்றாள்.

திருப்பத்தூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகிற சாலையில் நாங்கள் நடந்துகொண்டிருந்த ஒரு விடியற்காலையில் அண்ணன் இறந்தார். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஏட்டையா வேனில் ஏறி உட்கார்ந்து வெகு நேரம் போன் பேசினார் என்பதும், பிறகு இறங்கி வந்து யார் முகத்தையும் பார்க்காமல் சப்பரத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார் என்பதும்தான். பேசிக்கொண்டு வந்த பெண்கள் அன்று என்னிடம் பேசவில்லை. மத்தியானம் என் இலையில் இரண்டு அப்பளம் கூடுதலாக விழுந்தது. ஒருத்தி என் பையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். கால் தாங்கித் தாங்கி நடக்கிறேனே, அதற்காகப் பாவம் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் போன் கேட்டபோது, முந்தின நாள் மழையில் பை நனைந்து என் போன் செத்துவிட்டதாக ஏட்டையா சொன்னார். மழை பெய்தது உண்மைதான். தன்னுடைய போனிலேயே மதினிக்குப் போட்டுக் கொடுத்தார். மதினியின் குரல் கட்டியிருந்தது. பின்னால் நிறையப் பேர் பேசுகிற சத்தம் கேட்டது.

"யாரு மதினி, ஒரே சத்தமா இருக்கு?"

"ஆஸ்பத்திரிதான. பக்கத்து பெட்டுக்கு ஆளுக வந்திருக்காக."

"தொண்டை ஏன் இப்படி இருக்கு? சளி புடிச்சிருக்கா?"

"ஆமா."

"அண்ணன் என்ன செய்தாக?"

"தூங்குதாக."

அப்போது அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டு முன்னறையில் ஐஸ் பெட்டிக்குள் இருந்திருக்கிறார். மதினி அந்தப் பெட்டிக்குத் தள்ளி, அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் பேசியிருக்கிறாள். அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் அதே "தூங்குதாக" தான். மகன் அசாமிலிருந்து விமானம் பிடித்து வரும் வரைக்கும் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தார்கள். இந்தியாவின் அந்தக் கோடியிலிருந்து வந்தவன் தகப்பன் முகத்தைப் பார்த்தான். புதுக்கோட்டை ஜில்லாவில் இருந்த நான் பார்க்கவில்லை.

வேளாங்கண்ணிக்குப் போய்ச் சேர்ந்த அன்று திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின கூட்டம். கடல் காற்றில் மெழுகுவர்த்திப் புகையும் மொட்டையடித்த தலைகளில் பூசிய சந்தனமும் மணந்தன. என் காலில் தோல் என்று சொல்ல அதிகம் மிச்சமில்லை. காணிக்கைத் தகடு விற்கிற கடையில் ஆள் உருவம் ஒன்று வாங்கினேன். கண் நோய்க்குக் கண், கால் நோய்க்குக் கால் என்று வைத்திருந்தார்கள். சிறுநீரகம் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் பெட்டியெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு, முழு ஆள் வாங்கினால் எல்லாம் அடங்கிவிடும் என்றார்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். பீடத்துக்கு முன்னால் வந்ததும் ஒவ்வொருவராக முழங்காலில் நின்று தங்கள் நேர்ச்சையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். பிறகுதான் மாலையைக் கழற்றலாம். என் முறை வரும்போது இரண்டு வார்த்தையில் முடித்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். "எங்க அண்ணனுக்குப் பதிலா வந்திருக்கேன்" என்று சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என்னவோ நிறுத்த முடியவில்லை. அழுகை வந்தது. கையில் இருந்த தகட்டு ஆளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"எனக்குக் கேக்கத் தெரியாது. நான் ஒன்ன நம்புனதும் இல்ல. எங்க அண்ணன் நம்புதாரு. அவர எடுத்துக்கிடாத. அவரத் தவிர எனக்கு ஆளு இல்ல. ரெண்டு வருசம் குடு. ஒரு வருசமாவது குடு."

"ஆமென்" என்றார்கள். எல்லோரும் சொன்னார்கள். ஏட்டையாவின் ஆமென் உடைந்து வந்தது. என் பையைச் சுமந்தவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். நம்பாத ஒருத்தி கடைசியில் மண்டியிட்டுவிட்டாள் என்ற பூரிப்பில் அழுகிறார்கள் என்று நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. என் வாழ்க்கையில் மனதார நான் செய்த செபம் அது ஒன்றுதான். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அத்தனை பேரும் கண்ணைத் திறந்துகொண்டு, மண்ணுக்குள் போன ஒருத்தருக்கு ஆயுள் கேட்கிற என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

மாலையைக் கழற்றி, கடலில் குளித்து, ஈரச் சேலையோடு கரையேறி வந்த பிறகு ஏட்டையா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முதல் முறையாக அவர் குரலில் ஏட்டு இல்லை.

"தங்கச்சி, மனசத் தேத்திக்க. அண்ணன் போயிட்டாரு."

எப்போது என்று கேட்டேன். சொன்னார். அடக்கம் எப்போது என்று கேட்டேன். அதையும் சொன்னார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். என் வாயில் அன்று வந்த வார்த்தைகளை அந்தக் கடற்கரையில் அதற்கு முன் எந்தப் பொம்பளையும் பேசியிருக்க மாட்டாள். சுற்றியிருந்தவர்கள் விலக்கப் பார்த்தார்கள். ஏட்டையா அவர்களைக் கையைக் காட்டித் தடுத்துவிட்டு, அடியை வாங்கிக்கொண்டு நின்றார். நான் ஓய்ந்து மணலில் உட்கார்ந்த பிறகு சொன்னார்:

"அவரே சொல்லிட்டுத்தான் போயிருக்காரு, தங்கச்சி. நான் போயிட்டாலும் அவளுக்குச் சொல்லிராதிய, அவ முடிச்சிட்டு வரட்டும்னு. மதினிதான் போன்ல சொல்லுச்சு. அவரு கடைசி ஆசைய மீற எங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

அண்ணன் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான். நடைப்பயணத்தை உயிருக்கு மேலாக வைத்திருந்தவர். அவர் சொன்னார் என்றால் நான் யாரோடு சண்டை போடுவது? திரும்பி வரும்போது வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தையே திரும்பத் திரும்ப மனதில் சொல்லிக்கொண்டு வந்தேன். நடந்து போன ஊர்கள் எல்லாம் கண்ணாடிக்கு வெளியே பின்னால் போயின. அவர் ஆசைப்பட்டதைத்தான் செய்தேன், முகம் பார்க்காததும் அவர் கேட்டுக்கொண்டதுதான் என்று நினைத்தபோது நெஞ்சில் பாரம் கொஞ்சம் இறங்கியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ராமகிருஷ்ணாபுரம் முக்கில் அண்ணனின் பிளெக்ஸ் இன்னும் கட்டியிருந்தது. பட்டாள உடுப்பில் பழைய போட்டோ, மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே துயரத்தில் வாடுகிறவர்களின் பெயர்கள். மனைவி, மகன், அதற்கு அடுத்து பாசத் தங்கை என்று என் பெயர். நான் துயரத்தில் வாடுவதாக ஊருக்கு அறிவித்த நாளில் நான் ஆலங்குடிப் பக்கம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். டிரைவர் நிறுத்தவா என்று கேட்டார். போங்க என்றேன்.

கல்லறை மண் இன்னும் காயவில்லை. மகன் லீவு முடிந்து போய்விட்டான். மதினி என்னைப் பார்த்ததும் ஓலமிட்டாள், நானும் சேர்ந்து அழுதேன். செல்லில் வீடியோ எடுத்து வைத்திருப்பதாகவும், முகம் நன்றாகத் தெரிவதாகவும் சொன்னாள். காட்டினாள். எடுத்தவர் யாரோ, பெட்டியைச் சுற்றி நின்ற பெரிய மனிதர்களை எல்லாம் ஒவ்வொருவராகக் காட்டிவிட்டு, அண்ணன் முகத்துக்கு வந்ததும் கை தவறி மேலே கூரையைக் காட்டிவிட்டார். மூக்கில் வைத்த பஞ்சு தெரிந்தது. அதுதான் நான் பார்த்தது.

பிறகு ஒரு நாள் பங்குச் சாமியாரைத் தேடிப் போய்க் கேட்டேன். மாலை போட்டவளுக்குச் சாவு சொல்லக் கூடாது என்று திருச்சபையில் எங்கே இருக்கிறது? இளம் வயதுக்காரர், பதறிவிட்டார். அப்படி ஒன்றுமே கிடையாது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உடனே உங்களை வரச் சொல்லியிருப்பேன் என்றார். அடக்கத்துக்கு வந்தபோது தங்கை எங்கே என்று கேட்டாராம். வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏட்டையாவிடம் இதைச் சொன்னேன். "சாமியாருக்குப் பைபிள் தெரியும், தங்கச்சி. ரோடு தெரியாது" என்றார். அந்த மனுஷரிடம் கெட்ட எண்ணம் இல்லை. அதனால்தான் அவரை வெறுப்பது அத்தனை கஷ்டமாக இருக்கிறது.

முப்பதாம் நாள் பூசை அண்ணன் வீட்டில் நடந்தது. வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டு, பிற்பகலில் நானும் மதினியும் பின்வாசலில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தோம். மதினி பாதியாக இளைத்திருந்தாள். அவள் மேல் எனக்கு அன்று கோபம் இல்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் நானாகப் பேச்சை எடுத்தேன்.

"அண்ணனே அப்படிச் சொல்லிட்டுப் போனாகளே மதினி, அது ஒண்ணுதான் எனக்கு மனசுக்கு நெறவா இருக்கு."

மதினி தேய்த்துக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்தாள்.

"அவிய அப்படிச் சொல்லல" என்றாள்.

"என்ன சொல்லுதிய?"

"ஏட்டையாட்ட நான்தான் அப்படிச் சொன்னேன். நீ மாலையப் பாதியில கழத்திட்டா அது எம்மவன் மேல எறங்கிருமோன்னு பயம். பார்டர்ல துப்பாக்கியோட கெடக்கான். அவியளத்தான் குடுத்துட்டேன், அவனையும் குடுக்கவான்னு..."

"அப்ப அண்ணன் ஒண்ணுமே சொல்லலயா?"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒன்னக் கூப்பிடச் சொன்னாக. ஆஸ்பத்திரியில சேத்த அன்னைக்கே சொன்னாக. மாஸ்க்கக் கையால ஒதுக்கிட்டு, 'நடந்தது போதும், பிள்ளைய வரச் சொல்லு'ன்னாக. நீ திரும்பிட்டா நேர்ச்சை முறிஞ்சு அவிய போயிருவாகளோன்னு நான் கூப்பிடல. அவிய பொழைக்கணும்னுதான் கூப்பிடல, தாயி. மறுநாளும் கேட்டாக. வந்துக்கிட்டிருக்கான்னு பொய் சொன்னேன். பொறவு கேக்கல. வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாக."

நான் எழுந்து கையைக் கழுவினேன். அவள் செய்ததெல்லாம் அவர் பிழைக்க வேண்டும் என்று செய்தது. நான் நடந்ததும் அதற்காகத்தான். அவளை மன்னிக்க முடியவில்லை, இன்று வரைக்கும் முடியவில்லை. அந்த வீட்டுக்குப் போகிறேன், வருகிறேன், மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன், ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கிறேன். மன்னிப்பு மட்டும் வரவில்லை.

அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சாயங்காலம் நாங்கள் கல்லுப்பட்டியில் தங்கியிருந்தோம். அங்கிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அவர் அதற்குப் பிறகு நான்கு நாள் உயிரோடு இருந்து வாசலைப் பார்த்திருக்கிறார்.